மூச்சுக்காக ஊர் மாறுவதா?

மாற்று நுரையீரல் சிகிச்சையும் கார்வேட்டிநகரத்துக் குடும்பமும்

திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்குத் தங்கள் மூச்சின் அளவு தெரியும். அலிபிரியிலிருந்து 3,550 படிகள். போன வருஷம் எந்த மண்டபத்தில் உட்கார்ந்தோம், இந்த வருஷம் எங்கே உட்கார்ந்தோம் என்று சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் குடும்பங்களில் பேசிக்கொள்வது உண்டு. நுரையீரலில் நோய் புகுந்திருப்பதைச் சிலர் அந்தப் படிகளில்தான் முதலில் உணர்கிறார்கள். ஒரு வருஷம் பாதியில் திரும்புகிறார்கள். மறு வருஷம் பஸ்ஸில் போகிறார்கள். அதற்கும் அடுத்த வருஷம், கார்வேட்டிநகரத்து ஸ்கந்த புஷ்கரணியின் படிகளே மலையாகிவிடுகின்றன.

வயதாகிறது என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிறகு திருப்பதியிலோ வேலூரிலோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கடற்பஞ்சுபோல் இருக்க வேண்டிய நுரையீரல் தேன்கூடுபோல் துளைத்து, தோல்போல் இறுகியிருப்பது தெரிகிறது. மருந்து தருகிறார்கள். வீட்டில் பிராணவாயு இயந்திரம் வைக்கச் சொல்கிறார்கள். ஒருநாள் டாக்டர், "நுரையீரலை மாற்றுவதைப் பற்றி யோசித்தீர்களா?" என்று கேட்கிறார்.

இந்தப் பகுதி மக்களுக்குப் பெரிய வைத்தியம் புதிதல்ல. எலும்பு முறிந்தால் பக்கத்திலேயே புத்தூர்க் கட்டு இருக்கிறது. அதற்காக எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குகிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் என்பதும் பழகிய சொல்தான். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே அந்தச் சிகிச்சை நடந்தது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையத்திலும் சிறுநீரகம் பொருத்துகிறார்கள். ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இருதயாலயத்தில் 2023 ஜனவரியில் அன்னமய்யா மாவட்டத்துச் சிறுவன் ஒருவனுக்கு மாற்று இருதயமே பொருத்தினார்கள். ஸ்ரீகாகுளத்துப் பெண் ஒருவரின் இருதயம் அதற்காக விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் ரேணிகுண்டா வந்து இறங்கியது. ஆகவே நுரையீரல் என்றதும், இதுவும் அதைப் போன்றதுதானே என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் குடும்பங்கள் கணக்குத் தவறுகின்றன.

மகன் கேட்கும் கேள்வி

"நைனா, எனக்கு இரண்டு நுரையீரல் இருக்கிறதே, ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று மகன் கேட்பான். சிறுநீரகத்தை உயிரோடு இருக்கும் உறவினர் தருவதைப் பார்த்துப் பழகியதால் எழும் கேள்வி இது. ஒருவரின் முழு நுரையீரலை அப்படி எடுப்பதில்லை. உறவினர் இருவர் ஆளுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து நோயாளியைப் பிழைக்க வைக்கும் முறை ஜப்பானில் நடைமுறையில் உண்டு. கியோட்டோவில் 2021 ஏப்ரலில், கொரோனாவால் நுரையீரல் கெட்ட ஒரு பெண்ணுக்கு அவர் கணவரும் மகனும் அவ்விதம் கொடுத்தார்கள். நம் நாட்டில் நோயாளிகள் நம்பியிருப்பது மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் மனமுவந்து தரும் தானத்தைத்தான். 1994-ஆம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும்.

அப்படித் தானம் கிடைத்தாலும் நுரையீரல் நல்ல நிலையில் கிடைப்பது அரிது. செயற்கை சுவாச இயந்திரத்தில் கிடந்தவரின் நுரையீரலில் நீர் கோக்கும், சளி தேங்கும், கிருமி பற்றும். உறுப்பு தானம் செய்பவர்களில் உத்தேசமாக ஐந்தில் ஒருவரிடமிருந்துதான் பயன்படுத்தத் தக்க நுரையீரல் கிடைக்கிறது என்பது உலக அனுபவம். ரத்த வகை பொருந்த வேண்டும். மார்புக்கூட்டின் அளவும் பொருந்த வேண்டும். ஆறடி மனிதரின் நுரையீரல் ஐந்தடிப் பெண்ணின் மார்பில் அடங்காது.

பொருத்திய பின்னும் வேறுபாடு இருக்கிறது. சிறுநீரகமும் இருதயமும் உடம்புக்குள் மூடிக் கிடப்பவை. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் வெளி உலகத்தோடு உறவாடுவது. தெருப் புழுதி, வைக்கோல் தூசி, அடுப்புப் புகை, பக்கத்து வீட்டுக்காரர் இருமல் எல்லாம் நேரே அதற்குள் போகின்றன. புது நுரையீரலை உடம்பு பகையாக எண்ணித் தாக்காமல் இருக்க ஆயுள் முழுவதும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிட வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அதிகம் குறைத்தால் கிருமி நுழைகிறது. கூட்டினால் உடம்பு தாக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் டாக்டர்கள் கயிற்றின்மேல் நடக்கிறார்கள்.

சர்வதேசப் பதிவேட்டின்படி, மாற்று நுரையீரல் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு, ஏழு வருஷங்களைத் தாண்டுகிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்தின் ஆயுள் இதைவிட நீண்டது. ஐந்து வருஷங்களுக்குள் பாதிப் பேருக்குச் சிறு சுவாசக் குழாய்கள் மெல்ல மெல்லத் தழும்பேறிச் சுருங்கும் தொல்லை வந்துவிடுகிறது. ஆறு வருஷம் என்பது அதிகமா, குறைவா? மகளின் கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருப்பவருக்கு ஒரு விடை. அறுபத்து நான்கு வயதில், பேரன் பேத்திகளைக் கண்டு நிறைந்தவருக்கு வேறு விடை. டாக்டர் சதவீதம் சொல்லலாம். அதற்கு மேல் அவர் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

44 தோல்விகள்

இந்தச் சிகிச்சையின் சரித்திரமே இப்படிப்பட்ட முடிவுகளால் ஆனது. 1963 ஜூன் 11-ஆம் தேதி அமெரிக்காவின் மிசிசிப்பி ராஜ்யத்தில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக ஒரு மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். நோயாளி ஆயுள் தண்டனைக் கைதி. நுரையீரலில் புற்றுநோய், சிறுநீரகமும் பழுது. 18 நாட்கள் உயிரோடு இருந்தார். அடுத்த இருபது வருஷங்களில் பல நாடுகளில் முயன்றார்கள். பெல்ஜியத்தில் 1968-ல் பொருத்திய ஒருவர் பத்து மாதங்கள் இருந்ததே பெரிய காரியமாகப் பேசப்பட்டது.

1983 நவம்பரில் கனடாவின் டொரண்டோ நகரில் டாக்டர் ஜோயல் கூப்பர், டாம் ஹால் என்னும் 58 வயதுக்காரருக்கு ஒரு நுரையீரலை மாற்றினார். அதற்கு முன் 44 முயற்சிகள் தோற்றிருந்தன. அது டாம் ஹாலுக்குத் தெரியும். தெரிந்தே சம்மதித்தார். ஆறு வருஷங்களுக்கு மேல் வாழ்ந்தார். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து அப்போது கைக்கு வந்திருந்தது அவரது அதிர்ஷ்டம். 1986-ல் அதே குழு இரண்டு நுரையீரல்களையும் மாற்றியது. சென்னையில் 1999-ல் டாக்டர் கே.எம். செரியன் இருதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே மாற்றினார். 2020 ஆகஸ்டில், கொரோனாவால் நுரையீரல் அழிந்த டில்லிக்காரர் ஒருவருக்குச் சென்னை எம்.ஜி.எம். ஆஸ்பத்திரியில் இரண்டு நுரையீரல்களையும் மாற்றினார்கள். ஆசியாவில் அவ்வகையில் அதுவே முதல் என்று அறிவித்தார்கள்.

ஆரோக்கியவரத்து ஞாபகம்

மூச்சுக்காக வீட்டை விட்டுப் போவது இந்த மாவட்டத்துக்குப் பழைய கதை. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் க்ஷயரோக ஆஸ்பத்திரி 1915-ல் திறக்கப்பட்டது. டாக்டர் பிரிமோட்-மோலர் அதன் முதல் தலைவர். மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. சிலருக்கு மார்புக்குள் காற்றை ஏற்றி நோயுற்ற நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுப்பது, சிலருக்கு விலா எலும்பை வெட்டுவது, இவ்வளவுதான் வைத்தியம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து அங்கே கிடந்தவர்கள் உண்டு. பிறகு மருந்துகள் வந்தன. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் க்ஷயம் குணமாகும் என்று காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. நோயாளி வீடு திரும்பினார்.

மாற்று நுரையீரல் விஷயத்தில் காலம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. இங்கே மறுபடியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது.

எல்லைக்கோடு

கார்வேட்டிநகரம் ஜமீன் 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்தது. அந்த வருஷம் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1960-ல் பட்டாஸ்கர் முடிவுப்படி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போக, நகரியும் புத்தூரும் கார்வேட்டிநகரமும் ஆந்திரத்தில் நின்றன. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு என்று இரண்டையும் கலந்து வாழ்கிறவர்களுக்கு இந்தக் கோடு அன்றாடம் தட்டுப்படுவதில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தட்டுப்படும்.

நுரையீரல் மாற்றத்தில் பெயர் பெற்ற ஆஸ்பத்திரிகள் சென்னையிலும் ஐதராபாத்திலும் உள்ளன. 2014 ஜூனில் தெலங்கானா பிரிந்ததிலிருந்து சித்தூர்க்காரருக்கு இரண்டுமே வெளி மாநிலம். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு உரியது. புத்தூர் வழியாகச் சென்னைக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் என்ற நியாயம் அங்கே எடுபடாது. உறுப்பு வேண்டிப் பதிவு செய்ய இருப்பிடச் சான்று கேட்கக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. 65 வயதைத் தாண்டியவர் பதிய முடியாது என்ற தடையையும் நீக்கியது. ஆனால் பதிவு வேறு, வரிசை வேறு. உறுப்பு பங்கிடும்போது தம் மாநிலத்தவரை முன்னே வைப்பது மாநிலங்களின் வழக்கம். வெளி மாநிலத்தவரை எந்த இடத்தில் வைப்பார்கள், சென்ற ஒரு வருஷத்தில் அப்படி எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை முதல் சந்திப்பிலேயே வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்.

தூரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எடுத்த நுரையீரலைச் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்துவது நல்லது என்பது நெடுநாளைய விதி. எனவே அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சென்னையில் 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற மாணவனின் இருதயம் போலீஸார் வழி ஒதுக்கிக் கொடுத்ததால் 11 நிமிஷத்தில் முகப்பேருக்குப் போய்ச் சேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது உறுப்புக்கு ஒதுக்கிய பாதை. கார்வேட்டிநகரத்திலிருந்து பிராணவாயு சிலிண்டரோடு கிளம்பும் நோயாளிக்கு அந்தப் பாதை கிடையாது. நள்ளிரவில் வாடகைக் கார் பிடித்து, புத்தூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை என்று போக வேண்டும். அதனால்தான் பல ஆஸ்பத்திரிகளில், பக்கத்திலேயே வீடு பிடித்துத் தங்குங்கள் என்கிறார்கள். காத்திருப்பது ஒரு மாதமாகலாம், ஒரு வருஷமாகலாம். சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்கள் அங்கேதான்.

கூட யார் இருப்பது? மாத்திரை நேரம் பார்க்க, காய்ச்சல் பார்க்க, பரிசோதனைக்கு அழைத்துப்போக ஒருவர் முழு நேரமும் வேண்டும். மனைவி என்றால் ஊரில் மாமியாரை யார் பார்ப்பது? மகன் என்றால் நகரியில் அவன் ஓட்டும் விசைத்தறி என்னாவது? குடும்பத்தில் ஒரு சம்பாத்தியம் நின்றிருக்கும்போது இரண்டாவதும் நின்றுபோகிறது. ஆஸ்பத்திரி மதிப்பீட்டுக் காகிதத்தில் இந்தத் தொகை எழுதப்படுவதில்லை.

அந்தக் காகிதத்தில் எழுதப்படுவதே போதும் மூச்சடைக்க. தனியார் ஆஸ்பத்திரிகளில் பல பத்து லட்சங்கள். 2021-ல் அன்றைய பிரகாசம் மாவட்டத்துக் காரம்சேடு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும்போது தானும் நோயுற்று நுரையீரல் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தார். ஊரார் நிதி திரட்டினார்கள், போதவில்லை, ஆந்திர சர்க்கார் ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. சர்க்கார் டாக்டருக்கே இந்தக் கதி. அதோடும் செலவு நிற்பதில்லை. மாதாந்திர மாத்திரைகள், ரத்தப் பரிசோதனை, அடிக்கடி குழாய் விட்டு நுரையீரலைப் பார்ப்பது எல்லாம் ஆயுள் வரை தொடர்பவை. நிலத்தை விற்று சிகிச்சை செய்துகொண்டு, இரண்டாம் வருஷம் மாத்திரை வாங்கப் பணமில்லாமல் நிற்பதைவிட மோசமான நிலை இல்லை. முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமர் நிவாரண நிதி ஆகியவற்றுக்குச் சிகிச்சைக்கு முன்பே மனுப் போட வேண்டும்.

முடிவுக்கு ஒரு பருவம்

மாம்பழம்போல இதற்கும் பருவம் உண்டு. சீக்கிரம் போனால், இன்னும் சில வருஷம் சொந்த நுரையீரலிலேயே வாழக்கூடியவர் வீணாகக் கத்திக்குப் போகிறார். தாமதித்துப் போனால் உடம்பு கரைந்து, தசை வற்றி, அறுவையைத் தாங்க முடியாதவராகிவிடுகிறார். ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, நடக்கும்போது விரல் நுனிக் கருவியில் பிராணவாயு அளவு 88-க்குக் கீழே இறங்குகிறதா என்பவற்றை வைத்து டாக்டர்கள் பருவத்தைக் கணிக்கிறார்கள். படுக்கையில் விழுந்த பிறகு கேட்போம் என்று இருப்பவர்களுக்கு அநேகமாகக் கிடைக்கும் பதில், "ஆறு மாதம் முன்பே வந்திருக்கலாமே" என்பதுதான். போய்க் கேட்பதாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகாது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 2017-ல் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்றில், 27 மையங்களில் நுரையீரல் இறுகும் நோய் கண்ட 1,084 பேரைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம், தூசியையும் பூஞ்சையையும் சுவாசித்து நுரையீரல் ஒவ்வாமல் அழற்சியடைவது. ஏர்கூலரின் ஈரக்காற்றும் பறவை எச்சமும் பலருடைய வீட்டில் இருந்தன. கூலரை நிறுத்தி, புறாக்களை விரட்டி, உரிய மருந்து கொடுத்தால் சிலருக்கு நோய் அங்கேயே நிற்கும். காரணம் தெரியாமல் இறுகும் நோய்க்கு பிர்பெனிடோன், நின்டெடானிப் என்ற மருந்துகள் இருக்கின்றன. இறுகியதை இளக்காது, இறுகும் வேகத்தைக் குறைக்கும். பீடி குடிப்பவர் குறைந்தது ஆறு மாதம் முன்பே அடியோடு விட்டிருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். க்ஷயரோகம் இருந்தால் அதை முழுக்கக் குணப்படுத்த வேண்டும். அது விட்டுச்சென்ற தழும்பால் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருந்தால் அறுவை கடினம்.

ஊர் திரும்பிய பின்

எல்லாம் நல்லபடியாக முடிந்து ஊர் திரும்புகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மூக்கில் குழாய் இல்லை. வேணுகோபால சுவாமி கோயில் பிராகாரத்தை நிற்காமல் சுற்றி வருகிறார். இது பொய்யில்லை, இப்படி நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடந்து மூச்சு வாங்கியதை மறந்துவிட்ட மனிதரின் முகத்தைப் பார்த்தவர்கள், ஆறு வருஷம் என்ற கணக்கை அலட்சியமாகப் பேச மாட்டார்கள்.

ஆனால் பழைய வாழ்க்கை முழுவதுமாகத் திரும்புவதில்லை. மாட்டுக் கொட்டகை, எருக்குழி, வைக்கோல் போர் எல்லாவற்றிலும் பூஞ்சை விதைகள் பறக்கின்றன. அங்கே போகக் கூடாது. திருமலை தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நெருக்கி நிற்பது ஆபத்து. மாத்திரைகளால் சர்க்கரை நோய் வரக்கூடும். சித்தூர் மாவட்டத்தில் மாம்பழத்தை அளந்து சாப்பிடுவது ஒரு தவம்தான். பம்ப்ளிமாஸ் பழம் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அது விலக்கு. இன்னொரு விசித்திரம்: மாற்றிய நுரையீரலுக்கு நரம்புத் தொடர்பு இல்லை. சளி சேர்ந்தால் தானாக இருமல் வராது. வேளை பார்த்து, நினைவு வைத்து, இருமித் துப்ப வேண்டும்.

வேண்டாம் என்பவர்கள்

இவ்வளவையும் கேட்டுவிட்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. உறவினர் அவர்களைக் கோழை என்பார்கள். பிள்ளைகள், காசு இல்லாததால்தான் அப்பா இப்படிச் சொல்கிறார் என்று மனம் நோவார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே அவரைத் தனியே உட்காரவைத்து ஒரு தடவையாவது கேட்க வேண்டும். பெரியப்பாவும் மாமாவும் சூழ்ந்திருக்கும் கூடத்தில் எந்த நோயாளியும் மனதில் இருப்பதைச் சொன்னதில்லை.

வேண்டாம் என்றால் வைத்தியமே இல்லை என்று அர்த்தமில்லை. மூச்சுப் பயிற்சியும் கால் தசைப் பயிற்சியும் நடையை நீட்டிக்கும். பிராணவாயு இயந்திரம் வீட்டில் இருக்கட்டும். மின்சாரம் போகும் நேரத்துக்கு ஒரு சிலிண்டரும் இருக்கட்டும். மூச்சுத் திணறல் மிகும்போது மிகச் சிறிய அளவில் மார்பின் கொடுத்து அந்தப் பதற்றத்தைத் தணிக்கத் தணிப்புச் சிகிச்சை டாக்டர்களுக்குத் தெரியும். மார்பின் என்றதும் பயப்படுகிறவர்கள் அதிகம். தெரிந்த டாக்டர் அளந்து கொடுத்தால் பயமில்லை.

பட்டியலில் பெயர் பதிந்தவர் எந்த நாளிலும் அதை விலக்கிக்கொள்ளலாம். பதிந்து, வீடு பிடித்து, அழைப்பு வந்து, ஓடிப்போய், அங்கே அந்த நுரையீரல் சரியில்லை என்று தெரிந்து திரும்பி வருவதும் உண்டு. சிலருக்கு இரண்டு மூன்று முறைகூட நேரும். அறுவைக் கூடத்து வாசலில் நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை இருக்கிறது. அப்போது டாக்டர்கள் வற்புறுத்த மாட்டார்கள். வரிசையில் அடுத்து இருப்பவரின் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கும்.